மரைன் டிரைவ் ஐந்தாம் மாடி: கடல் பார்த்த வீடு 580 இலட்சத்துக்குப் பெறுமா?

வெள்ளவத்தை மரைன் டிரைவில், வீதியைப் பார்த்த முதல் வரிசையில் நிற்கிறது இந்த எட்டு மாடிக் கட்டடம். அதில் ஐந்தாம் மாடியின் தென்மேற்கு மூலை வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, வேலையாளுக்குத் தனி மலசலகூடம், குசினி, மேற்குப் பார்த்த பல்கனி, கீழே ஒரு கார் தரிப்பிடம். கட்டி முடித்தது 2011இல். கேட்கிற விலை 580 இலட்சம் ரூபா. பேசித் தீர்க்கலாம் என்கிறார்கள். ஊர்க் காணியை விற்ற காசோடு வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பியதையும் சேர்த்துத்தான் பலர் இப்படி ஒரு வீட்டை வாங்குகிறார்கள். ஆகவே ஒன்றுக்கு நாலு தடவை பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வீட்டை வாங்கலாம், ஆனால் கேட்கிற விலைக்கு வாங்கக் கூடாது. காரணம் கடல். விலையை ஏற்றியிருப்பதும் அதுதான், வீட்டை அரித்திருப்பதும் அதுதான்.

காட்சியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் கரையோர ரயில் பாதையும், அதற்கு அப்பால் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லும்தான் இருக்கின்றன. ரயில் பாதை நிலத்தில் மாடிக் கட்டடம் எழும்பப் போவதில்லை. ஆகையால் மேற்குப் பக்கத்துக் கடல் இந்த வீட்டை விட்டுப் போகாது. காலி வீதிப் பக்கமாக உள்ளே இரண்டாம், மூன்றாம் வரிசையில் இருக்கிற வீடுகளையும் கடல் பார்த்த வீடு என்றுதான் விளம்பரம் செய்வார்கள். முன்னால் நிற்கிற பழைய ஓட்டு வீடு இடிபட்டுப் பத்து மாடி எழும்பினால் அந்தக் கடல் ஒரு வருடத்தில் மறைந்துவிடும். இங்கே அந்தப் பயம் இல்லை. மூன்றாம் மாடிக்குக் கீழே மின்கம்பியும் மரக்கிளையும் குறுக்கே நிற்கும். ஐந்தாம் மாடி அவற்றைத் தாண்டிவிடுகிறது. இந்த உயரத்தில் அடிவானம் சுமார் 16 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். துறைமுகத்துக்குப் போகிற கப்பல்களை நன்றாகப் பார்க்கலாம்.

தெற்குப் பக்க யன்னல் வேறு கதை. பெரிய படுக்கையறையின் அந்த யன்னலாலும் கடலின் ஒரு துண்டு தெரிகிறது. தரகர் அதையும் சேர்த்துத்தான் 'மூலை வீடு' என்று விலை சொல்கிறார். பக்கத்துக் காணியில் இன்று மரங்களோடு ஒரு பழைய வீடு இருக்கிறது. மரைன் டிரைவில் அப்படி ஒரு காணி அதிக காலம் அப்படியே கிடக்காது. அங்கே கட்டடம் வந்தால் அந்த அறைக்குக் கடல் மட்டுமல்ல, வெளிச்சமும் குறையும். தெற்கு யன்னலுக்கென்று ஒரு சதமும் கூட்டிக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: சூரியன் மறைகிற இடம் ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில் ஏறக்குறைய 47 பாகை நகரும். பல்கனியின் வடக்குப் பக்கம் சுவர் எழுப்பியிருப்பதால், ஜூன் ஜூலையில் ஹோலில் இருந்தபடி சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க முடியாது. விளம்பரத்தில் இருக்கிற படம் டிசம்பரில் எடுத்தது.

உப்பு என்ன செய்திருக்கிறது

அலை கல்லில் மோதிச் சிதறும்போது கிளம்புகிற நுண்துளிகளைக் காற்று கரைக்குக் கொண்டுவருகிறது. உப்புப் படிவது கரையை ஒட்டிய முதல் சில நூறு மீற்றருக்குள்தான் மிகக் கடுமை. முதல் வரிசைக் கட்டடம் என்றால் அந்த வேகத்தின் வாய்க்குள்ளேயே நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேரே மேற்குச் சுவரில் அடிக்கிறது.

இந்த வீட்டில் பார்க்க வேண்டிய முதல் இடம், தலைக்கு மேலே. பல்கனியில் நின்று, ஆறாம் மாடிப் பல்கனித் தட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளி விளிம்பை ஒட்டி, ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டு வெடிப்பு ஓடுகிறது. அதன் ஓரத்தில் தேயிலைச் சாயம் வடிந்த மாதிரி ஒரு பழுப்புக் கறை. அதற்கு நாலு அங்குலம் உள்ளே புதிய சீமெந்துப் பூச்சு ஒன்று, மேலே வெள்ளைப் பெயின்ட். ஐந்து ரூபாக் குற்றியால் அந்தப் பூச்சைத் தட்டினால் வெற்றோசை வருகிறது. பக்கத்து நல்ல கொங்கிறீட்டில் கணீரென்று கேட்கிறது. உள்ளே கம்பி கறள் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இரும்பு கறளாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெருக்கும். வெளியே போக வழியில்லாத அந்தப் பெருக்கம் கொங்கிறீட்டைக் கம்பியின் நீளத்துக்குப் பிளக்கிறது. வெடிப்பு வளைந்து நெளிந்து போகாமல் நேர்க்கோட்டில் போவது அதனால்தான்.

செய்திருக்கிற பழுதுபார்ப்பு பிழையானது. உதிர்ந்த துண்டைத் தட்டி எடுத்துவிட்டு மேலே சீமெந்து பூசினால் இரண்டு மழைக்காலத்தில் திரும்ப விழும். அதைவிட மோசம், பூசிய துண்டைச் சுற்றியுள்ள பழைய உப்பேறிய கொங்கிறீட்டில் அரிப்பு முன்னையதைவிட வேகமாகத் தொடங்கும். சரியான முறையில் கம்பிக்குப் பின்னால் விரல் போகிற அளவுக்குக் கொங்கிறீட்டைக் குடைய வேண்டும். கறள் முடிகிற இடத்தைத் தாண்டி, நல்ல கம்பி தெரிகிற வரைக்கும் திறக்க வேண்டும். கம்பியை வெள்ளி மாதிரித் தெரிகிற வரை தேய்த்து, கனம் குறைந்திருந்தால் புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்டி, துத்தநாகம் கலந்த பிரைமர் பூசி, பொலிமர் கலந்த பழுதுபார்க்கும் சாந்தால் அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். கடைசியில் முழுத் தட்டின் அடிக்கும் உப்பைத் தடுக்கிற பூச்சு. பல்கனித் தட்டு பொதுவாகப் பொதுச் சொத்து. ஆகவே இந்த வேலை ஒரு வீட்டுக்காரரின் தலையில் மட்டும் விழாது, கட்டடத்து வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் செய்ய வேண்டியது. கூட்டக் குறிப்புகளை வாங்கி, இதற்குத் தீர்மானம் எடுத்திருக்கிறார்களா, காசு ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒதுக்கவில்லை என்றால், நீங்கள் வாங்கிய அடுத்த வருடமே ஒவ்வொரு வீட்டுக்கும் விசேட அறவீடு வரும்.

ஆறாம் மாடித் தட்டு இப்படி இருந்தால் ஐந்தாம் மாடித் தட்டு எப்படி? அதன் அடிப்பக்கம் நாலாம் மாடிக்காரருக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்டுக் கீழே இறங்கிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். ஒரு பொறியியலாளரைக் கூட்டிப்போய், கம்பிக்கு மேல் எவ்வளவு கொங்கிறீட் இருக்கிறது என்று கவர் மீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். கடலுக்கு முகம் கொடுக்கிற இடத்தில் 40 மில்லிமீற்றராவது வேண்டும். 20, 25 என்று வந்தால், இன்று வெடிப்பு இல்லாத இடத்திலும் நாளை வரும்.

பல்கனிக் கைப்பிடிக் கம்பி சாதாரண இரும்புப் பெட்டிக் குழாய். மேலே பெயின்ட் புதிதாக இருக்கிறது. குந்தி இருந்து, தூண் தரையில் இறங்குகிற இடத்தில் கை விரலால் அமர்த்திப் பாருங்கள்: கடல் பக்கத்து மூன்று தூண்களின் அடித்தட்டும் பொருக்காக உதிர்கிறது. ஒரு தூணைப் பிடித்து அசைத்தால் தரை ஓட்டோடு சேர்ந்து அசைகிறது. குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இது ஆபத்து, குடி போவதற்கு முன்பே மாற்ற வேண்டும். துருப்பிடிக்காத உருக்கு என்று சொல்லி 304 வகையைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கடற்கரையில் அதிலும் ஒரு வருடத்துக்குள் பழுப்புப் புள்ளிகள் வரும். மொலிப்டினம் கலந்த 316 வகையையே கேட்க வேண்டும். பில்லில் அந்த இலக்கத்தை எழுதுவியுங்கள். அதையும் மாதம் ஒருதரம் நல்ல தண்ணீரால் கழுவினால்தான் பளபளப்பு நிற்கும்.

யன்னல்களில் பிழையும் இருக்கிறது, திருத்தவும் முடியும். எல்லாம் இழுக்கிற அலுமினிய யன்னல். மேற்குப் பக்கத்து யன்னல்களின் கீழ்த் தண்டவாளத்தில் மணலும் உப்பும் கட்டியாக அடைத்து, தண்ணீர் வெளியேறுகிற சிறு துவாரங்கள் மூடிக் கிடக்கின்றன. பருவக்காற்று மழையில் தண்டவாளம் நிரம்பி உள்பக்க விளிம்பைத் தாண்டி அறைக்குள் வடிகிறது. யன்னலுக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்திருப்பதும், இரண்டாம் அறையின் மரத்தரை ஓரம் மேலெழும்பி இருப்பதும் அதற்குச் சாட்சி. சோதிப்பது எளிது: ஒரு லீற்றர் தண்ணீரைத் தண்டவாளத்தில் ஊற்றுங்கள். சில விநாடிகளில் வெளியே ஓட வேண்டும். இங்கே அது குளம்போல் நிற்கிறது. துவாரங்களைக் குத்திச் சுத்தம் செய்து, சட்டத்தைச் சுற்றிய பழைய சிலிக்கனைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மற்றப் பாதி, ஆணிகளில் இருக்கிறது. அலுமினியத்தில் சாதாரண இரும்புத் திருகாணி இறக்கியிருக்கிறார்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிபடும். ஆணியைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருப்பது அதுதான். உருளைகளும் தேய்ந்துவிட்டன. கடல் பார்த்த நாலு யன்னலையும் பல்கனிக் கதவையும் முழுதாக மாற்றுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. மாற்றும்போது இழுக்கிற வகைக்குப் பதில், ரப்பர் அமர்ந்து மூடுகிற கதவு வகையைப் போட்டால் மழையோடு ரயில் சத்தமும் குறையும்.

வெளியே மாட்டிய ஏ.சி. இயந்திரங்கள் மூன்றும் மேற்குச் சுவரிலேயே இருக்கின்றன. ஒன்றின் பின்பக்கத்து மெல்லிய அலுமினியத் தகடுகளை நகத்தால் தொட்டால் பொடியாகிறது. அது வெப்பத்தை வெளியே விடாது. கரண்ட் பில் ஏறும், கொம்பிரசர் சீக்கிரம் போகும். விற்பவர் 'மூன்று ஏ.சி.யும் சேர்த்து' என்று சொல்வதை விலையில் கணக்கெடுக்க வேண்டாம். புதிதாக மாட்டும்போது லிஃப்ட் பக்கத்துத் திறந்த கூடத்துச் சுவருக்கு மாற்றிவிடுங்கள், குழாய் நீளம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

வெயில், ரயில், தண்ணீர்

பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மேற்குச் சுவர் சூடேறத் தொடங்கும். ஆறு மணி வரை விடாது. பல்கனித் தட்டின் நிழல் உச்சி வெயிலுக்குத்தான் உதவும். சாய்ந்து வருகிற நாலு மணி வெயிலுக்கு நிமிர்ந்து நிற்கிற மறைப்பு வேண்டும். பல்கனி விளிம்பில் சுருட்டக்கூடிய மூங்கில் தட்டி போடுவது மலிவு. காற்றில் அடிபடாமல் கீழேயும் கொளுவி வைக்க வேண்டும். வீட்டுக்குள் போடுகிற திரை வெளிச்சத்தைத்தான் மறைக்கும், சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு அது செய்வதற்கு ஒன்றும் இல்லை. மறுபக்கத்தில், மூலை வீடு என்பதால் மேற்குக்கும் தெற்குக்கும் காற்று ஊடாடுகிறது. இரவில் மின்விசிறியே போதும். வெள்ளவத்தையில் இப்படிக் காற்று வருகிற வீடு குறைவு. அந்தப் பெறுமதியை மறுக்க முடியாது.

ரயில் அதிகாலையிலிருந்து இரவு வரை ஓடும். டீசல் இயந்திரம், இரட்டைப் பாதை, ஆட்கள் தண்டவாளத்தைக் கடக்கிற இடங்களில் நீள ஹோர்ன். யன்னல் திறந்திருக்கும்போது ரயில் போனால் தொலைபேசியில் பேசுவது நிற்கும். கந்தோர் நேரத்தில் அடுத்தடுத்து வரும். இந்த வீட்டில் பெரிய படுக்கையறையே கடல் பக்கம். நித்திரை லேசானவர்கள் கிழக்குப் பக்கத்து மூன்றாம் அறையைப் படுக்க எடுத்துக்கொள்ளலாம், அங்கே சத்தம் பாதிகூட இல்லை. கண்ணாடி மாற்றினால் இரண்டு தகடு ஒட்டிய, 6.38 மில்லிமீற்றர் தடிப்பில் வருகிற லமினேட் வகையைப் போடச் சொல்லுங்கள்.

தண்ணீர் பரவாயில்லை. நிலக்கீழ்த் தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தாங்கிக்கு ஏற்றி அங்கிருந்து இறங்குகிறது. தாங்கிக்கும் ஐந்தாம் மாடி ஷவருக்கும் இடையில் பத்து மீற்றருக்குமேல் உயர வித்தியாசம் இருப்பதால் ஒரு பார் அழுத்தத்துக்குக் குறையாமல் வருகிறது. பத்து லீற்றர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் நல்லது; இங்கே நிரம்புகிறது. இதே கட்டடத்தில் எட்டாம் மாடியை வாங்குகிறவர் தனி அழுத்தப் பம்பு வைக்க வேண்டியிருக்கும். கேட்க வேண்டியது மீற்றர் பற்றி: வீட்டுக்கு வீடு நீர்வழங்கல் சபையின் மீற்றர் உண்டா, அல்லது முழுக் கட்டடத்துக்கும் ஒன்றா? அலகு கூடக் கூட விலை ஏறுகிற கட்டண முறை என்பதால் பொது மீற்றரில் பங்கு பிரிப்பது தீராத சண்டை. இங்கே தனித்தனி.

லிஃப்ட் ஒன்றுதான். அது நின்றால் ஐந்து மாடி ஏற வேண்டும், வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு இதை யோசியுங்கள். ஜெனரேட்டர் லிஃப்ட், தண்ணீர்ப் பம்பு, படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்கு மட்டுமே, வீட்டுக்குள் வராது. விளம்பரத்தில் 'ஜெனரேட்டர் வசதி' என்று மட்டும் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதைக் கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்வேர்ட்டர் வைக்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள், பல்கனியில் வைக்காதீர்கள்.

சந்தை, ரயில் நிலையம், இராமகிருஷ்ண மிஷன், தமிழ்ச் சங்கம், கோயில் எல்லாம் நடை தூரம். வெள்ளவத்தையைத் தெரிந்தவர்களுக்கு இதை விவரிக்கத் தேவையில்லை.

சதுர அடிக் கணக்கு

விளம்பரத்தில் 1,480 சதுர அடி. கட்டடத்தைத் தனித்தனி உரிமையுள்ள வீடுகளாகப் பிரித்துப் பதிகிற கூட்டாதன (கொண்டோமினியம்) வரைபடத்தில் இந்த வீட்டுக்கு எழுதியிருப்பது 122.6 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றர் 10.764 சதுர அடி. பெருக்கினால் 1,320 சதுர அடிக்குக் கொஞ்சமும் கூடாது. மிச்சம் 160 எங்கிருந்து வந்தது? கார் தரிப்பிடத்தையும் லிஃப்ட் முன்கூடத்தில் ஒரு பங்கையும் சேர்த்திருக்கிறார்கள். இது கொழும்பில் வழமையான வேலை, ஆனால் விலை பேசும்போது வரைபடத்தில் உள்ள எண்ணைத்தான் மேசையில் வைக்க வேண்டும். 580 இலட்சத்தை 1,480ஆல் பிரித்தால் சதுர அடி 39,189 ரூபா. 1,320ஆல் பிரித்தால் 43,939. அவர்கள் சொன்ன அதே 39,189ஐ உண்மையான பரப்புக்குப் போட்டால் 517 இலட்சம் வருகிறது. பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் அது. அதிலிருந்து யன்னல், கைப்பிடிக் கம்பி, ஏ.சி. மூன்றுக்கும் எழுத்தில் வாங்கிய விலைமதிப்பைக் கழியுங்கள்.

கார் தரிப்பிடத்தையும் நேரில் அளந்து பாருங்கள். 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் இருக்க வேண்டும். இந்த வீட்டுக்குரிய இடத்தின் ஒரு பக்கம் தூண் இருக்கிறது. சின்னக் கார் நிறுத்தலாம், வானோ ஜீப்போ என்றால் சாரதிப் பக்கத்துக் கதவு முழுதாகத் திறக்காது. அந்த இடம் இலக்கத்தோடு உறுதியின் அட்டவணையில் இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். 'முகாமைத்துவம் ஒதுக்கித் தந்தது' என்ற பேச்சு மட்டும் இருந்தால், அடுத்த கூட்டத்தில் மாறலாம்.

உறுதியும் மற்றக் கடதாசிகளும்

வீடு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் பதிவான கூட்டாதனம். இது பெரிய ஆறுதல். வெள்ளவத்தையில் கூட்டாதன வரைபடம் பதியாமல், காணியில் பங்கு என்று எழுதி விற்ற மாடி வீடுகளும் இருக்கின்றன. அவற்றுக்கு வங்கிக் கடன் எடுப்பதே பெரும்பாடு. பார்க்க வேண்டிய கடதாசிகளின் மூலப் பிரதிகளை நொத்தாரிசு கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்: உறுதி, பதிவான கூட்டாதன வரைபடம், கட்டடத்துக்கான இசைவுச் சான்றிதழ், மாநகர சபைச் சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடமிருந்து பாக்கி இல்லை என்ற கடிதம். காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து ஈடு, வழக்கு, தடை ஏதாவது பதிந்திருக்கிறதா என்று பார்ப்பது நொத்தாரிசின் வேலை. அந்தத் தேடுதலை உடன்படிக்கை எழுதுவதற்கு முன் ஒருதரமும், உறுதி எழுதுகிற வாரத்தில் இன்னொருதரமும் செய்யச் சொல்லுங்கள். இடையில் யாரும் எதையும் பதியலாம்.

இந்த வீட்டின் சொந்தக்காரர் வெளிநாட்டில். அவருக்காகக் கையொப்பமிட அதிகாரம் தருகிற அற்றோணித் தத்துவம் தம்பியின் கையில் இருக்கிறது. அது பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். இந்த ஆதனத்தை விற்கிற அதிகாரம் அதில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். பராமரிக்கவும் வாடகைக்கு விடவும் மட்டும் எழுதிய தத்துவத்தை வைத்துக்கொண்டு விற்பனை பேசுகிறவர்களும் உண்டு. கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அதோடு முடியும். ஆகவே உறுதி எழுதுகிற நாளில் சொந்தக்காரரோடு வீடியோ அழைப்பில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது நல்லது, அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

எங்கள் ஆட்கள் அடிக்கடி விட்டுவிடுகிற ஒன்று யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை. விற்பவர் அதற்கு உட்பட்ட யாழ்ப்பாணத்தவர் என்றால், கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கிய ஆதனம் தேடியதேட்டம். உறுதியில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும் மற்றவருக்கும் அதில் உரித்து உண்டு. மனைவி பெயரில் மட்டும் இருந்தால், 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. வீடு கொழும்பில் என்பதால் இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். கணவன் மனைவி இருவரையும் கையொப்பமிட வைப்பதுதான் பாதுகாப்பு. அற்றோணித் தத்துவமும் இருவரிடமிருந்தும் வேண்டும்.

வாங்குகிறவர் இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டவர் என்றால் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிற 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் குறுக்கே வரும். கூட்டாதன வீடுகளுக்கு அதில் விலக்கு உண்டு. முழு விலையும் உறுதி எழுதுவதற்கு முன்னரே வெளிநாட்டிலிருந்து வங்கி மூலம் வந்திருக்க வேண்டும். பதிவான கூட்டாதனம் என்பதால் இந்த வீடு அதற்குள் வருகிறது. கனடா, லண்டன் கடவுச்சீட்டுக்காரருக்கு இது உண்மையான அனுகூலம், பின்னால் விற்கும்போதும் அந்தக் கூட்டம் வாங்க வரும். மேசைக்கு அடியில் பாதி, வங்கியில் பாதி என்று இதில் செய்ய முடியாது. செய்தால் விற்ற காசைத் திரும்ப வெளியே எடுக்க வழி அடைபடும். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

விலைக்கு மேல் வருகிற செலவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேல் மாகாணத்தில் முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், வாங்குகிறவர் கட்டுவது. 580 இலட்சத்துக்கு 23 இலட்சத்து 19 ஆயிரம் ரூபா. நொத்தாரிசுக் கட்டணம் வேறு, அதை முன்கூட்டிப் பேசிக்கொள்ள வேண்டும். மாதப் பராமரிப்பு இப்போது 18,000. இவ்வளவு உப்பு அடிக்கிற கட்டடத்துக்கு அது போதாது என்பதே எங்கள் கணிப்பு. குறைந்த பராமரிப்புக் கட்டணம் என்று விளம்பரம் பெருமையாகச் சொல்கிறது. ஆறாம் மாடித் தட்டு வெடித்த பிறகும் ஒழுங்காகத் திருத்தாமல் விட்டதற்குக் காரணமும் அந்தக் குறைந்த கட்டணம்தான். கூட்டத்தில் கட்டணத்தைக் கூட்டக் கேட்டால் எதிர்க்காதீர்கள், வாங்கிய பிறகு நீங்களே கேளுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போவதானால் பெப்ரவரி காலை வேண்டாம். கடல் தட்டாக, காற்று இல்லாமல், எல்லாக் குறையும் மறைந்திருக்கிற மாதம் அது. மே கடைசியில் அல்லது ஜூனில், மழை பெய்கிற பிற்பகலில் நாலு மணிக்குப் போனால் கசிவு, சூடு, ரயில், காற்று நான்கையும் ஒரே தடவையில் பார்க்கலாம்.

விலை ஒத்துவந்தால் 10 வீதத்துக்கு மேல் முற்பணம் கொடுக்காமல் நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதுங்கள். அதில் மூன்று விடயம் இருக்க வேண்டும். ஐந்தாம், ஆறாம் மாடிப் பல்கனித் தட்டுகளைத் திருத்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் எடுத்த தீர்மானத்தின் பிரதி இணைக்கப்பட வேண்டும். அந்த வேலைக்கு வருகிற அறவீட்டில் இந்த வீட்டின் பங்கை விற்பவர் கட்ட வேண்டும். பொறியியலாளரின் அறிக்கையில் தூணிலோ விட்டத்திலோ கம்பி அரிப்பு என்று வந்தால் முற்பணம் முழுவதும் பதினான்கு நாளுக்குள் திரும்ப வேண்டும். தம்பி கையொப்பமிட்டாலும், இந்த மூன்றுக்கும் சொந்தக்காரர் சம்மதம் என்று அவரிடமிருந்தே ஒரு கடிதம் வாங்கி உடன்படிக்கையோடு தைத்துவிடச் சொல்லுங்கள்.